இழவு வீட்டுக்கு அரைக்கால் சட்டையில் போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்துவிட்டு, போன வருடம் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டேன். பாதி நாள் வீட்டிலிருந்தபடி கம்பெனி வேலை, பாதி நாள் தென்னந்தோப்பும் மாடுகளும். அங்கே பழகியபடி இங்கும் டி-சர்ட், அரைக்கால் சட்டையில்தான் இருக்கிறேன். போன மாதம் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். சேதி கேட்டதும் இருந்த கோலத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அப்பாவோடு ஊர் ஊராகப் போக வேண்டும். "இந்தக் கோலத்தில் வருவதாக இருந்தால் நீ வரவே வேண்டாம்" என்கிறார். பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் போவதற்கே எங்கள் ஊரில் மாப்பிள்ளை போல உடுத்துகிறார்கள். இது போலி கௌரவம் இல்லையா? என் மனைவி சுடிதாரில் இருந்தால் அம்மா முகம் சுளிக்கிறார். மாரியம்மன் நோம்பிக்குச் சீலைதான் என்று இப்போதே சொல்லிவிட்டார். நாங்கள் எதுவரைக்கும் விட்டுக்கொடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆடை வடிவமைப்பாளர், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த இழவு வீட்டை எடுத்துக்கொள்வோம். மற்ற கேள்விகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

சேதி கேட்டதும் ஓடிய உங்கள் மனத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று அந்த வாசலுக்கு வேறு ஒருவரும் வந்திருப்பார். காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர். முழங்கால் வரை சேறு, ஏற்றிக் கட்டிய அழுக்கு வேட்டி, அதற்குக் கீழே எட்டிப் பார்க்கும் பட்டாபட்டி டவுசர், தலையில் உருமால் கட்டிய துண்டு. அவரை யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். "மடையைக்கூடத் திருப்பாமல் ஓடி வந்துவிட்டான்" என்று மெச்சியிருப்பார்கள். உங்கள் உடை அவருடையதைவிடச் சுத்தமானது, விலையும் கூடுதல். இருந்தும் அவருக்குக் கிடைத்த பெயர் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

காரணம், நம் பக்கத்துக் கிராமங்களில் துணிமணி மூன்று வகையாகப் பிரிந்து கிடக்கிறது. காட்டு வேலைக்கு ஒன்று, வீட்டில் இருக்கும்போது ஒன்று, நாலு பேர் முன்னால் போகும்போது ஒன்று. கொடியில் தொங்கும் இடமே வேறு வேறு. மாட்டுச் சாலையில், அதாவது தொழுவத்தில், ஆணியில் மாட்டிய சட்டையை யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. பீரோவில் மடித்து வைத்த சீலையைக் கட்டிக்கொண்டு யாரும் சாணி அள்ளுவதில்லை. நகரத்தில், அதிலும் நீங்கள் பார்த்த வேலையில், இந்தப் பிரிவுகள் ஏறக்குறைய அழிந்துவிட்டன. தூங்கி எழுந்த டி-சர்ட்டிலேயே கம்பெனிக் கூட்டத்தில் உட்காரலாம், அதிலேயே கடைக்குப் போகலாம். ஊரார் கண்ணுக்கு உங்கள் அரைக்கால் சட்டை உழைக்கும் உடையாகவும் தெரிவதில்லை, நாலு பேர் முன்னால் நிற்கும் உடையாகவும் தெரிவதில்லை. வீட்டில் காலை நீட்டி உட்காரும்போது போடுவதாகத் தெரிகிறது. சேற்றோடு வந்தவர் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்தார் என்பது அவர் உடையிலேயே எழுதியிருந்தது. உங்களுடையதில் அப்படி எதையும் படிக்க முடியவில்லை. உங்கள் அப்பாவைச் சுட்டது அதுதான்.

அந்தச் சேற்றுக்கால்காரர் வாசலுக்கு வந்ததும் இன்னும் ஒன்று செய்திருப்பார், நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த முனையை விடுவித்து வேட்டியை இறக்கிவிட்டிருப்பார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டிருப்பார். ஒரு நொடி வேலை. நாலு முழ வேட்டி என்பது இரண்டு மீட்டர் துணி. பொத்தான் கிடையாது, தையல் கிடையாது. குதிகாலால் கரையைத் தட்டிக் கையில் பிடித்து மடித்துக் கட்டினால் வரப்பில் நடக்கலாம். இறக்கிவிட்டால் சபையில் உட்காரலாம். இத்தனை வருடம் துணியோடு புழங்கிய பிறகும் இந்த ஒன்று எனக்கு வியப்பு தருகிறது. வேலை உடையையும் சபை உடையையும் ஒரே துணியில் வைத்து, மாற்றிக்கொள்ளும் வழியையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். அரைக்கால் சட்டையில் இறக்கிவிட ஒன்றுமில்லை. உள்ளே எவ்வளவு மரியாதை இருந்தாலும் அதைக் காட்ட வழியில்லாத உடை அது.

இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்ல வேண்டும். அந்த வேட்டி இறக்குவதும் துண்டு எடுப்பதும் எல்லாரும் மனமுவந்து கொடுத்த மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளில் துண்டு போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, ஊர்த் தெருவில் சட்டையோடு நடக்கக் கூடாது என்று நம் ஊர்களில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டும் தோட்டத்து வாசலில் நின்ற மனிதர்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரன் தேய்த்த சட்டையும் பளபளக்கும் செருப்புமாகப் பஸ் ஏறினால், அதைப் போலி கௌரவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டவுனுக்குப் போவதற்கு ஏன் இவ்வளவு ஜோடனை என்கிறீர்கள். ஒரு முறை தாலுகா ஆபீசின் வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சாயம் போன கைலியில் வந்தவரிடம் "அப்புறம் வாய்யா" என்று சொல்லும் அதே வாய், வெள்ளை வேட்டி சட்டைக்காரரிடம் "உட்காருங்கள்" என்று சொல்வதைக் கேட்கலாம். பட்டா மாறுதலுக்கோ பயிர்க் கடனுக்கோ போகிறவர் தன் பேச்சுக்குக் காது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டையைத் தேய்க்கிறார். உங்களை அரைக்கால் சட்டையிலும் பேங்க் மேனேஜர் எழுந்து வரவேற்கலாம். உங்கள் கணக்கும் படிப்பும் ஆங்கிலமும் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்துவிடுகின்றன. உங்கள் தோப்பில் காய் போடும் ஆள் அதே அரைக்கால் சட்டையோடு உள்ளே போக முடியுமா? காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடுவார். எளிமையாக உடுத்தும் சௌகரியம் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை, தம்பி.

வேட்டிக்கே இந்த நாட்டில் கதவு சாத்தப்பட்டதும் உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தின் நிகழ்ச்சிக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுக்கும் மன்றத்தின் உரிமத்தை ரத்து செய்யலாம், பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நீதிபதிக்கே அந்த நிலைமை என்றால், கையில் மனுவோடு கிராமத்திலிருந்து வருகிறவர் உடையில் ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் காட்சி ஒன்று உண்டு. திருப்பூர், அவிநாசி, பல்லடம் சுற்று வட்டாரத்தில் காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேன் வந்து நிற்கும் பஸ் நிறுத்தங்கள். நேற்று இரவு ஓவர் டைம் பார்த்துவிட்டு வந்த பெண்கள், தலை வாரி, பூ வைத்து, தேய்த்த சுடிதாரில், சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள். ஆண்கள் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார்கள். கம்பெனிக்குள் போனால் மேலே ஒரு அங்கி, தலையில் ஒரு தொப்பி, பஞ்சுத் தூசு. அங்கே அந்தச் சுடிதாரை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் உடுத்துகிறார்கள். உலகத்தின் பாதி நாடுகள் சாவகாசமாகப் போட்டுத் திரியும் டி-சர்ட்டைத் தைத்து அனுப்புகிறவர்கள், தாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் போடுவதில்லை. காட்டுக் கூலியாக இருந்த வீட்டிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போகிறேன் என்பதை அந்த உடை ஊருக்குச் சொல்கிறது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

எளிய உடையை நம் பக்கத்து மக்கள் மதிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஈரோட்டில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்த பெரியார், காங்கிரசில் இருந்த நாட்களில் முரட்டுக் கதர் உடுத்தி, கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். அந்த எளிமைக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் பார்ப்பவருக்குப் புரிந்தது. உங்கள் ஊரிலேயே நூறு தென்னைக்குச் சொந்தக்காரர் கிழிந்த பனியனோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவரே சாயங்காலம் சந்தைக்குக் கிளம்பும்போது பாருங்கள்: குளியல், வெள்ளை வேட்டி, இடுப்பில் பணம் வைக்கும் பச்சை பெல்ட், நெற்றியில் திருநீறு.

பத்திரிகை வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் உங்கள் அப்பா பக்கம்.

நீங்கள் காரில் போய் ஒரு வீட்டு முன்னால் இறங்குகிறீர்கள். கதவுச் சத்தம் கேட்டதும் உள்ளே என்ன நடக்கும்? வெற்று மார்போடு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எழுந்து, ஆணியிலிருக்கும் சட்டையை எடுத்து, ஒரு கையை நுழைத்தும் நுழைக்காமலும் வெளியே வருவார். நைட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மணி கையைத் துடைத்துவிட்டு மேலே ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். உள்ளே இருக்கும் பெண் பிள்ளைக்கு, "மாமன் வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், துணி மாற்றிக்கொண்டு வா" என்று குரல் போகும். நீங்கள் யார் என்று தெரிவதற்கு முன்பே, யாரோ வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்பதற்காக அந்த வீடே ஒரு நிமிடத்தில் உடுத்துகிறது. அப்படிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வருகிறவர் எதிரில், வெற்றிலை பாக்குத் தட்டோடு நீங்கள் முட்டி தெரிய நிற்பது அவருக்கு எப்படி இருக்கும்? உங்கள் உடை உங்களுடைய சொந்த விருப்பம் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதுதான். ஆனால் பத்திரிகை வைப்பது உங்கள் சொந்த வேலை இல்லை. உங்கள் தங்கைக்காகப் போய் நிற்கிறீர்கள்.

நம் கல்யாணங்களில் துணி வெறும் அலங்காரமாக இருப்பதில்லை. மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுவதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. இணைச்சீர் என்ற சடங்கில் மணமகனையும் அவருடைய உடன்பிறந்தவளையும் இணைத்து நிற்பது கூறைச் சீலைதான். சாவுக்கும் கோடித்துணி கொண்டுபோகிறோம். பணமாகக் கொடுத்துவிடலாமே என்று யாரும் கேட்பதில்லை. இப்படித் துணியை வைத்தே உறவைப் பேசும் மக்களிடம் போகிறீர்கள்.

அதனால் என் யோசனை இது. குலதெய்வக் கோயிலுக்கும், தாய்மாமன் வீட்டுக்கும், நெருங்கிய பங்காளிகள் வீட்டுக்கும் பத்திரிகை வைக்கும் நாட்களில் வேட்டி கட்டுங்கள். மற்ற நாட்களில் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் போதும். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் வாசலில் நின்று சண்டை போடாதீர்கள்.

வேட்டி கட்டிப் பழக்கம் விட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் மெல்லிசாக இருப்பதை உயர்ந்த ரகம் என்று எடுத்துக் காட்டுவார்கள். நூல் நம்பர் ஏற ஏற இழை மெல்லிசாகும் என்பது உண்மைதான். 100-ஆம் நம்பர் நூலில் நெய்தது கையில் பட்டுப் போல இருக்கும். ஆனால் காரில் ஏறி இறங்கும் ஆளுக்கு அது சீக்கிரம் கசங்கும், வெயிலில் உள்ளே தெரியும், புதியவர் இடுப்பில் நழுவும். 40-ஆம் நம்பரில், எட்டு முழ இரட்டை வேட்டியாக எடுங்கள். கட்டுவதற்கு முன்னால் ஒரு தண்ணீர் அலசிவிட்டால் கடைக் கஞ்சியின் வழுக்கல் போய்விடும். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக வாங்கலாம். வேட்டி அவிழுமோ என்ற பயத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மாமன் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி தோப்பு. இங்கே உங்கள் உடையில் எனக்கு மரியாதைப் பிரச்சினை எதுவும் இல்லை. தொழில் முறையில் ஒரு கவலை இருக்கிறது. அரைக்கால் சட்டையும் அரைக்கை டி-சர்ட்டும் தோட்ட வேலைக்குப் பொருந்தாத உடை. சோளத் தட்டும் மக்காச்சோளத் தோகையும் காலை அறுக்கும். பார்த்தீனியம் பட்டுச் சிலருக்குத் தோலே தடித்துப் போகும். பூச்சி மருந்து அடிக்கும் நாளில் திறந்த தோல் அத்தனையும் ஆபத்து. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சீலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, பொத்தானைக் கழுத்து வரை போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்களே, அதைவிட நல்ல வேலை உடையை நான் வடிவமைத்துவிட முடியாது. வெயில், தூசு, தோகை மூன்றுக்கும் அது ஒன்றே போதும். நீங்களும் பழைய பருத்திச் சட்டைகளில் முழுக்கையாகப் பார்த்து நாலைந்தைத் தோட்டத்துக்கென்று ஒதுக்குங்கள். மருந்து அடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வாழைத் தோப்புக்குள் நல்ல துணியோடு நுழைய வேண்டாம், வாழைக் கறை பருத்தியில் ஏறினால் போகவே போகாது.

ஓடுவதற்கும் உடற்பயிற்சிக்கும் வாங்கிய பளபளப்பான டி-சர்ட்டுகளைத் தோட்டத்தில் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். அவை பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை விழுக்காடுகூடக் கிடையாது. காற்றாடும் இடத்தில் ஓடும்போது வியர்வை துணி மேலே பரவிக் காய்ந்துவிடும் என்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. சித்திரை வெயிலில் மாட்டுச் சாலைக்குள் குனிந்து நிற்கும் உடம்புக்கு அது வேறு கதை.

அப்பா எங்கே தவறுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் பால் சொசைட்டிக்குப் போய்த் திரும்பும் வழியிலும் நீங்கள் போடுவதை அவர் பொருட்படுத்தக் கூடாது. அது உங்கள் இடம். தினமும் வெள்ளை வெளேரென்று இருப்பதுதான் பரம்பரை வழக்கம் என்று அவர் சொன்னால், உங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், வேட்டி என்ன நிறத்தில் இருந்தது என்று மெதுவாகக் கேளுங்கள். செம்மண் காட்டில் உழுது, கிணற்று நீரில் துவைத்து, மண் நிறம் ஏறிய வேட்டியாகத்தான் இருந்திருக்கும். தோளில் ஒரு துண்டைத் தவிர மேலே ஒன்றும் போடாத நாட்களே அதிகம். சட்டையே நம் காடுகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. வழக்கம் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அவரும் மாறியவர்தான்.

பேச்சு நின்றுபோனதற்கு ஒரு வழி சொல்கிறேன். அப்பாவிடம் நியாயம் பேசிப் பயனில்லை. அந்தப் பங்காளி வீட்டுக்கு இன்னொரு நாள், நல்லபடியாக உடுத்திக்கொண்டு, தனியாகப் போய் வாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெரியவரைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். "அன்றைக்குப் பதறிப்போய் இருந்தபடியே வந்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி அப்பாவின் காதுக்குப் போய்விடும். நீங்கள் சொல்வதைவிட அவர்கள் சொல்லிக் கேட்பது அவருக்கு மேலும் இதமாக இருக்கும்.

உங்கள் மனைவியின் விஷயத்துக்கு மட்டும் நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொன்னது ஒரு வருடத்தில் சில நாட்கள் உடை மாற்றும் கணக்கு. அவரிடம் கேட்கப்படுவது காலை முதல் இரவு வரை, ஒவ்வொரு நாளும். இரண்டும் ஒரே தராசில் ஏறாது.

ஐந்தரை மீட்டர் சீலையோடு அவர் இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார வேண்டும், அடுப்படியில் நிற்க வேண்டும், மாட்டுக்குச் சோளத் தட்டு வெட்ட வேண்டும். மோட்டாரில் ஓடும் தட்டு வெட்டும் மெஷின் பக்கத்தில் தொங்கும் முந்தானை எவ்வளவு ஆபத்து என்று அந்த மெஷின் இருக்கும் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பட்டாவும் அதே ஆபத்துதான். மெஷின் ஓட்டும் நேரத்தில் எதுவானாலும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும் அல்லது கழற்றி வைத்திருக்க வேண்டும். பழைய காலத்துப் பெண்கள் பின்கொசுவம் வைத்துச் சீலையைத் தூக்கிக் கட்டி வேலை செய்தார்கள். அந்தக் கட்டு வேலைக்கு ஏற்றது. இன்று முன்கொசுவம் வைத்துக் கட்டும் சீலையோ சபையில் உட்காருவதற்கானது. அதை உடுத்திக்கொண்டு காட்டு வேலையும் செய் என்றால் என்ன நியாயம்?

அம்மாவிடம் பேசும்போது நைட்டியைப் பற்றிப் பேசலாம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் ஊற்றப் போவது நம் எந்த ஊரில் இல்லை? அது எந்தப் பரம்பரையிலும் வந்ததில்லை. வேலைக்குச் சௌகரியமாக இருந்தது, காற்று வந்தது, அதனால் அம்மா தலைமுறையே ஏற்றுக்கொண்டது. மருமகளின் சுடிதாருக்கும் அதே காரணம்தான். வெளி மரியாதைக்கும் அதில் குறைவில்லை. 2019-இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை ஆணையில், பெண்களுக்குச் சீலையோடு சல்வாரும், துப்பட்டாவோடு சுடிதாரும் சேர்த்தே சொல்லப்பட்டன. 2015-இல் கோயில் உடை பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டது. அது பிறகு நிலைக்கவில்லை. அந்த உத்தரவில்கூடச் சுடிதாருக்கு இடம் இருந்தது. கோயிலுக்கே ஆகும் உடை வீட்டு நடைக்கு ஆகாதா என்று அம்மாவிடம் கேட்கலாம். கேட்க வேண்டியது நீங்கள். மனைவியை முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் லேப்டாப்புக்குப் பின்னால் போய்விடக் கூடாது.

நோம்பியன்று மாவிளக்கு எடுக்கும் நேரத்துக்குச் சீலை கட்ட உங்கள் மனைவிக்கு விருப்பமா என்று அவரையே கேளுங்கள். நிறையப் பெண்களுக்கு அன்று கட்டப் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் பதில்தான், அதை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. கட்டுகிறேன் என்று அவர் சொன்னால், கனமான பட்டை எடுத்து அவர் மேல் சுமத்தாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் கைத்தறிப் பருத்திச் சீலை துவைக்கத் துவைக்க உடம்போடு இழையும், வியர்வையை வாங்கும். கல்யாணத்துக்குக் கொஞ்சம் பளபளப்பு வேண்டும் என்றால், பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் கோவை கோரா காட்டன் இருக்கிறது. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை, நம் பக்கத்து நெசவாளர் கையில் உருவானவை. எதை எடுப்பது என்பதை அவரே தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவனை இழந்த பெண் வெள்ளைச் சீலைதான் கட்ட வேண்டும் என்ற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முழுதாகப் போகவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் பட்டில் நடமாடும்போது, ஓர் அத்தையோ பெரியம்மாவோ வெள்ளையில், பந்தல் காலோரம் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். உடையைப் பற்றி உங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தே தீர வேண்டும் என்றால், அது உங்கள் அரைக்கால் சட்டைக்காக நடக்க வேண்டாம், இதற்காக நடக்கட்டும். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால், தங்கை கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகும் முன்பு அவரிடம் போய், "உங்களுக்கு என்ன நிறம் எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு முறை கேளுங்கள்.

துணி எடுக்கும் வேலையைக் கார்த்திகைக்குள் முடித்துவிடுங்கள். மார்கழி பிறந்துவிட்டால் தை முகூர்த்தத்து ரவிக்கைகள் தையற்காரர்களிடம் மலையாகக் குவிந்துவிடும், அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கக்கூட நேரம் கிடைக்காது.